மெஷினுக்கு நெற்றி எது?

போன வாரம் திவ்யா கூப்பிட்டாள். துடியலூரில் கறவை மெஷின் செய்யும் கம்பெனியில், நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மெஷின் வாங்கியவர்களுக்குப் போன் செய்து நலம் விசாரிக்கும் வேலை.

"எஸ்தர் மேடம், அடுத்த மாசத்துல இருந்து ஆட்டோமேட்டிக் கால்தானுங்க. ஒண்ணு அமுத்துனா திருப்தி, ரெண்டு அமுத்துனா சுமார், மூணு அமுத்துனா கம்ப்ளைண்ட். அதுக்கு முன்னாடி நீங்க என்ன ஸ்கிரிப்ட் வெச்சுப் பேசுனீங்கன்னு எழுதித் தரச் சொல்லி மேலிடத்துல கேக்கறாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் நம்பரை அமுக்குகிற ஆள் பொள்ளாச்சிப் பக்கம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவரைப் பார்க்க ஆசைப்படுகிறேன். ஸ்கிரிப்ட் என்று எங்களிடம் எதுவும் கிடையாது, திவ்யா. ஆனால் கேட்டுவிட்டாய். எழுதித் தருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நான் மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தவள். உக்கடத்தில் குளத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் வளர்ந்தேன். எங்களுக்குப் பால் என்றால் பாக்கெட். டைப்ரைட்டிங் முடித்து, ஒரு மோட்டார் கம்பெனியில் பில் போட்டு, அது மூடியதும் இங்கே வந்தேன். இன்டர்வியூவில் சர்வீஸ் மேனேஜர் ரங்கநாதன் சார் கேட்டது ஒரே கேள்வி. "போன்ல ஒருத்தர் பேசாம இருந்தா நீங்க எவ்வளவு நேரம் பேசாம இருப்பீங்க?" எனக்குப் புரியவில்லை. விழித்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசாமலே உட்கார்ந்திருந்தேன். "போதுங்க, நாளைக்கே வந்துருங்க" என்றார்.

ரங்கநாதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. வீட்டில் தெலுங்கு பேசும் பழைய விவசாயக் குடும்பம். உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, கையை மடக்கி விடமாட்டார். எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். டீ கொண்டு வருபவர், வாட்ச்மேன், நான், யாரும் விலக்கல்ல. ஒரு முறை அவரோடு தோட்டத்துக்குப் போனபோது வழியில் நின்ற மாட்டிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாடு தள்ளி நின்றது.

அவருடைய முறை இப்படி. மெஷின் போய் இறங்கிய மறுநாள் ஒரு போன். அப்புறம் வாரம் ஒரு முறை. பழகிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு மாதம் ஒரு முறை, மெஷின் இருக்கும்வரை. போனை எடுத்ததும் மெஷினைப் பற்றிக் கேட்கக் கூடாது. முதலில் மாட்டைக் கேட்க வேண்டும், அதுவும் பெயர் சொல்லி. பிறகு தீவனம், பிறகு மழை, வீட்டில் இருப்பவர்கள். மெஷின் தானாக வந்து சேரும். அந்தப் போனில் வியாபாரத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. புது மாடல் வந்திருக்கிறது, காம்பில் மாட்டும் ரப்பர் கப்புக்குத் தள்ளுபடி என்றெல்லாம் சொன்னால் அன்றைக்கு அவர் என்னிடம் பேசமாட்டார். விற்பனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது எரிச்சல். "கம்பெனிச் செலவுல இந்தம்மா ஊரு மாட்டையெல்லாம் சுகம் விசாரிக்குது" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் செவலையையும் மயிலையையும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையின் பெரிய கஷ்டம் எங்கள் ஊர் மரியாதைதான். கொங்கு நாட்டில் வீடு தீப்பிடித்தாலும் "சித்த சூடா இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். அழைத்து நலம் கேட்கிற ஒரு பெண்பிள்ளையிடம் போய், உங்கள் மெஷின் சரியில்லை என்று சொல்ல வாய் வராது. எதைக் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்பார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் "நல்லா ஓடுதுங்க, பரவாயில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரங்கநாதன் சார் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்திருக்கிறார். மெஷின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. சாக்கின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "கலைக்க மனசு வரலீங்க" என்றாராம் பெரியவர்.

அன்றிலிருந்து நாங்கள் கேள்வியை மாற்றினோம். மெஷின் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்குக் காலையில முதல்ல எந்த மாட்டுக்கு மாட்டுனீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். மெஷின் ஓடியிருந்தால் பதில் உடனே வரும். ஓடவில்லை என்றால் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். இன்டர்வியூவில் சார் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடைவெளியில் நான் குறுக்கே பேசிவிட்டால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். பேசாமல் இருந்தால் மெதுவாக உண்மை வரும்.

என் அப்பாவுக்கு இதெல்லாம் நம்பவே முடியவில்லை. அவர் இளவயதில் அடுத்தவர் தோட்டத்து மாட்டைக் கறந்து கூலி வாங்கியவர். அவரைத் தோட்டத்துக்காரர்கள் யாரும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. ஒரு நாள் நான் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டு வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டார். நாற்பது மாடு வைத்திருந்த ஒருவர் அந்தப் பக்கம், "நீங்களே சொல்லுங்க அம்மணி, என்ன பண்ணட்டுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் வெளியே கேட்கும் அளவுக்குப் பெரியது. சாயங்காலம் வரை இருந்து, என்னோடு அதே பஸ்ஸில் திரும்பினார். உக்கடத்தில் இறங்கியதும், "அவங்க மாட்டைப் பத்தி உங்கிட்டக் கேக்கறாங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

இனி மயிலாத்தா அக்காவின் கதைக்கு வருகிறேன்.

பொள்ளாச்சி தாண்டி கோமங்கலம் பக்கம் தோட்டம். ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டுக்காரர் சின்னச்சாமி, தேங்காய் லோடு ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மாடுகள் எல்லாம் அக்காவின் பொறுப்பு, அதுதான் வீட்டு வருமானம். வலது மணிக்கட்டு வீங்கி, மடக்கினால் உயிர் போகிற வலி. கறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆகவே மெஷின் வாங்கினார்கள்.

முதல் சில வாரம் அக்காவின் குரலில் அவ்வளவு உற்சாகம். "ஏனுங் அம்மணி, கருப்பி அசைபோட்டுக்கிட்டே நிக்கறாளுங்க, கறக்கறதே தெரியலையாட்ட இருக்குதுங்க" என்று சிரிப்பார். என்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் போனை வைக்கும்முன் நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் விடமாட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு சுருங்கியது. காலையில் முதலில் எந்த மாடு என்றால் ஒரு இடைவெளி. காத்திருந்தாலும் பலன் இல்லை. "எல்லாம் பரவாயில்லீங்க கண்ணு" என்று முடித்துவிடுவார்.

ஒரு நாள் சாயங்காலக் கறவை நேரத்தில் கூப்பிட்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மெஷின் ஓடினால் டக் டக்கென்று ஒரே சீராக அடிக்கும். இது அது இல்லை. எவர்சில்வர் வாளியில் பால் பீய்ச்சும் சத்தம். யாரோ கையில் கறக்கிறார்கள். அந்த வீட்டில் கறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த மணிக்கட்டோடு கறந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

"அக்கா, மெஷின் ஓடலீங்களா?"

"ஓடுதுங்க கண்ணு. சும்மா ஒரு மாத்தத்துக்குக் கையில பீச்சறேனுங்க."

டெக்னீஷியன் செல்வராஜை அனுப்பினேன். போய்விட்டு வந்தவர், மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். "ஷோரூம்ல இருக்கற மாதிரி பளபளன்னு வெச்சிருக்காங்க மேடம். அப்படி மெஷினை வெச்சுக்கற வீட்டை நான் பார்த்ததே இல்லை." அளந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரமும் அனுப்பினேன். அதே பளபளப்பு, அதே சரி. மாடு மெஷினுக்குப் பழகவில்லை போல என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த முறை நான் பேசும்போது சின்னச்சாமி அண்ணன் போனைப் பிடுங்கினார். "அம்மணி, இவ சொல்லமாட்டாளுங்க. மாடெல்லாம் எட்டி ஒதைக்குது. செவலைக்கு மடிநோய் வந்து காம்பு வீங்கிக் கெடக்குது. இவ கையும் வீங்கிக் கெடக்குது. வர்ற சந்தைக்கு எல்லாத்தையும் ஓட்டிப்போடறதுன்னு முடிவு பண்ணிப்போட்டேனுங்க. மெஷினு மேல தப்பு சொல்லலீங்க. எங்க நேரம் அப்படி."

பின்னால் மயிலாத்தா அக்கா அழுவது கேட்டது. பொள்ளாச்சி சந்தையில் மாடு கை மாறிவிட்டால் மாறியதுதான். திரும்ப வராது.

ரங்கநாதன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் வழக்கம் அது. நான் பேசும்போது பின்னால் வந்து நிற்பார், ஆனால் உட்காரமாட்டார். போனை வாங்கி, "அண்ணா, இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுங்க. அடுத்த சந்தைக்கு நீங்க ஓட்டுனா நானே வந்து கயிறு பிடிக்கறேன்" என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு இல்லை. சாரும் பேசவில்லை. கடைசியில் அண்ணன் "செரிங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு சார் என்னிடம் சொன்னார். "செல்வராஜ் இனிமே போக வேண்டாங்க. அவர் போற அன்னைக்கு மெஷின் நல்லா இருக்குது. போகாத அன்னைக்கு என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியணும். கறவை நேரத்துக்கெல்லாம் நீங்க கூப்பிடுங்க. மெஷினைக் கேக்காதீங்க. கூடவே இருங்க, அவ்வளவுதான்."

அப்படியே செய்தேன். விடிகிற நேரத்தில் வீட்டிலிருந்தே செல்போனில் கூப்பிடுவேன். அக்கா போனைக் கட்டுத்தரைத் தூணில் ஆணி அடித்து மாட்டிய பையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பார். மாட்டைக் கட்டியிருக்கும் இடத்தை அங்கே கட்டுத்தரை என்பார்கள். போனை வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கருப்பி நிற்பாள். நான் உக்கடத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் மூச்சு விடுவதைக் கேட்டேன். இவ்வளவு பெரிய உயிர், இவ்வளவு தூரத்தில், என் காதுக்குள் மூச்சு விடுகிறது. தோசைக்கல்லில் மாவை ஊற்ற மறந்து நின்றிருக்கிறேன். பிறகு அந்த வேலையில் எத்தனையோ வருடம் இருந்துவிட்டேன், அந்த ஆச்சரியம் எனக்குத் தீரவே இல்லை.

திங்கட்கிழமை அக்காவைக் கெஞ்சி, செவலையை விட்டுவிட்டு மற்ற மாடுகளுக்கு மெஷினை மாட்டச் சொன்னேன். கருப்பி கொஞ்சம் நெளிந்தாள், உதைக்கவில்லை. செவ்வாய் பரவாயில்லை. புதன், வியாழன் நன்றாகவே கறந்தாள். அக்காவின் குரலில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை காலையிலும் ஒரு குறை இல்லை. அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டேன். மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அடுத்து தகரம் உருண்ட சத்தம், "ஐயோ கருப்பி" என்று அக்காவின் அலறல்.

"அக்கா, அடி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க கண்ணு. வாளியத்தான் ஒதைச்சுப்போட்டா." மூச்சு வாங்கினார். "போன வாரமும் இப்படித்தானுங்க. வெள்ளிக்கிழமை பொழுதோட செவலை ஒதைச்சா. அதுக்கு முந்துன வாரமும் வெள்ளிதானாட்ட இருக்குது."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. எங்களுக்கு ஞாயிறுதான். அதனாலோ என்னவோ அந்த வார்த்தை எனக்குத் தட்டுப்பட்டது.

"வெள்ளிக்கிழமை என்னங்க்கா செய்வீங்க?"

"என்னங்க செய்யறது, எல்லா ஊட்டுலயும் செய்யறதுதானுங்க. மத்தியானத்துக்கு மேல கட்டுத்தரையக் கூட்டிக் கழுவி, மாட்டுக்கெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சு, சூடம் காட்டுவேனுங்க."

"மெஷினுக்கு?"

"அதுக்கும்தானுங்க. மொத மாசம் தோணலீங்க, அப்பறம் அதுவும் நம்மூட்டு லச்சுமிதானேன்னு ஆரம்பிச்சேனுங்க."

"பொட்டு எங்க வெப்பீங்க?"

"நெத்தியிலதானுங்க. மேல உருண்டையா ஓட்டை ஓட்டையா இருக்குதல்லங்க, அங்க நல்லாச் சந்தனத்தக் கொழச்சு அப்பி, நடுவுல குங்குமம். கண்ணாடிக்குள்ள முள்ளு ஒண்ணு இருக்குதல்லங்க, அதுக்கும் ஒரு பொட்டு."

நான் திரும்பிப் பார்த்தேன். ரங்கநாதன் சார் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனில் பேசும்போது அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

அந்த ஓட்டை போட்ட உருண்டைக்கு ரெகுலேட்டர் என்று பெயர். மெஷின் பாலை உறிஞ்சும்போது இழுவை மிஞ்சிப் போனால், அந்த ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே போய் இழுவையைத் தணிக்கும். அதை அடைத்துவிட்டால் மெஷின் வெறிபிடித்த மாதிரி இழுக்கும், காம்பு புண்ணாகும். இழுவையைக் காட்டும் முள்ளைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் முள்ளின் மேலேயும் பொட்டு. சந்தனம் காயக் காய, மெஷின் அதிர்வில் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வியாழக்கிழமைக்குள் ஓட்டை திறந்துவிடும். செல்வராஜ் வருகிறார் என்று தெரிந்தாலோ, விருந்தாளி வருகிற வீட்டைப் போல மெஷினைத் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவார் அக்கா. அந்தப் பளபளப்பின் காரணம் அதுதான்.

"அக்கா, இன்னைக்கு மெஷின் வேண்டாங்க. நாளைக்குப் பேசறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வருகிறோம் என்று சொன்னால் கழுவிவிடுவாரே.

மறுநாள் விடிவதற்குள் சார் ஜீப்பில் உக்கடம் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். கிணத்துக்கடவு தாண்டியதும், "கண்டுபிடிச்சது பெரிசில்லைங்க. அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அதுவரை எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கும்பிட்ட கைதான் மாட்டை நோகடித்தது என்று ஒரு பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

அக்கா எங்களைப் பார்த்துத் திகைத்துவிட்டார். நான் வாய் திறந்து "அக்கா" என்றதும் குரலை அடையாளம் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டார். ஒல்லியான உருவம், மணிக்கட்டில் துணிக்கட்டு. சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டுத்தரைக்குள் போனார். மெஷின் சந்தனமும் குங்குமமுமாகப் பூசாரி மாதிரி உட்கார்ந்திருந்தது. கப்புகளை அடைத்துவிட்டு, மாட்டில் மாட்டாமலே ஓட்டினார். கைக்குட்டையால் கண்ணாடி மேல் இருந்த பொட்டைத் துடைத்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, உருண்டையில் காய்ந்திருந்த சந்தனத்தை ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுத்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் வந்தது. முள் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "நானே பண்ணிப்போட்டேனுங்களா?" என்றார். செவலையின் பக்கம் திரும்பக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இல்லீங்க அம்மா, தப்பு எங்களுது" என்றார் சார். "மெஷினைக் கொண்டு வந்து இறக்குனமே ஒழிய, எது மூக்கு எது நெத்தின்னு சொல்லித் தரலைங்க. இது மூக்குங்க. மூக்கை அடைச்சா ஆரால மூச்சு விட முடியும்? நெத்தி இங்க இருக்குதுங்க." மோட்டார் மேல் மூடியின் தட்டையான நடுப்பகுதியைக் கையால் துடைத்துக் காட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, "சந்தனம் இருந்தா கொண்டாங்க" என்றார்.

அக்கா கிண்ணத்தைக் கொண்டு வந்தார். சார் நகர்ந்து வழிவிட்டார். அவர் காட்டிய இடத்தில் அக்காவே பொட்டு வைத்தார். பிறகு கருப்பிக்குக் கப்பை மாட்டினார். நான் கறவையைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். கருப்பி காதை ஒரு முறை ஆட்டினாள், அசைபோட ஆரம்பித்தாள். கண்ணாடிக் குழாயில் பால் விட்டு விட்டு ஓடியது. சின்னச்சாமி அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் போட்டு, "அடுத்த சந்தைக்கு மாடு வரலீங்க" என்று சொல்வது கேட்டது.

செவலைக்கு வைத்தியம் பார்த்து மூன்று காம்பில் பால் திரும்பியது. ஒன்று போனது போனதுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி மெஷின்களில் மோட்டார் மூடி நடுவே ஒரு ரூபாய் அகலத்துக்குப் பித்தளை வட்டம் இருக்கிறதே, அது எதற்கு என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா திவ்யா? அது பொட்டு வைக்கிற இடம். அடுத்த மாதமே ரங்கநாதன் சார் போட வைத்தார். கோமங்கலத்தைச் சுற்றி எங்கள் மெஷின் இல்லாத கட்டுத்தரை குறைவு என்று விற்பனைக்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். அங்கே ஒரு மெஷினைக்கூட அவர்கள் பேசி விற்கவில்லை. எல்லாம் அக்கா சொல்லி வாங்கியவை.

ஆனால் நான் எழுத வந்தது அதுவல்ல. அன்றைக்குக் கிளம்பும்போது, அக்கா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டேன். "இத்தனை நாளும் ஏங்க்கா சொல்லாம இருந்தீங்க? உதைச்ச முதல் வாரமே சொல்லியிருந்தா செவலைக்கு இவ்வளவு ஆயிருக்காதுல்ல?"

சாருக்குக் கேட்காத தூரம்தானா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எம்புள்ள திருப்பூருல ஒரு கம்பெனில இருந்தாளுங்க கண்ணு. ஆரோ ஒருத்தரு அவ பேருல கம்ப்ளைண்டு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்கே வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க. அழுதுக்கிட்டு ஊடு வந்து சேந்தா. நாஞ் சொன்னா உங்களையத்தானுங்க மொதல்ல வைவாங்க? மாடு போனா மாடு வாங்கிக்கலாமுங்க."

நான் காபியைக் கீழே வைத்தேன். முகம் தெரியாத ஒரு குரலின் வேலைக்காக, அந்த மணிக்கட்டோடு, ஒவ்வொரு மாடாகக் கறந்துகொண்டு, ஒவ்வொரு வாரமும் என்னிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அவரைக் கவனித்துக்கொள்கிறேன் என்ற நினைப்பில் துடியலூரில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்ளைண்ட் வந்தால் எங்கள் ஆபீஸில் யாரையும் திட்டமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டேன். கருப்பியைக் கேட்டேன், செவலையைக் கேட்டேன். ஒரு இடைவெளி விழுந்தது. காத்திருந்தேன்.

"ஏனுங் கண்ணு, பக்கத்துல உங்க பெரியவரு ஆரும் இல்லீங்களே?"

ரங்கநாதன் சார் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லீங்க்கா. ஆரும் இல்லை."

குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். ஓஸ் பைப் குட்டையாக இருக்கிறது, கடைசி மாட்டுக்கு எட்டவில்லை. சக்கரம் சாணியில் சிக்கிக்கொள்கிறது. வாளியின் பிடி கையை அறுக்கிறது. ரப்பர் கப் கழுவக் கொடுத்த பிரஷ் எதற்கும் ஆகாது, அதை யார் செய்தது? மெஷின் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. இன்னும் இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்றார்.

சொல்லுங்க்கா என்றேன். பின்னால் சார் சத்தம் வராமல், மெதுவாக அடி எடுத்து வைத்து, அறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.